பிரசவத் துணை வேறு, பார்வையாளர் வேறு

கொரோனாக் காலத்தில் உடன் யாருமின்றி மருத்துவமனையில் பிரசவித்த அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் மகள் 2020 ஜூன் கடைசி வாரத்தில் சென்னையில் பிறந்தாள். ஜூன் 19 முதல் 30 வரை இங்கே முழு ஊரடங்கு. தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்ப்பது எங்கள் குடும்ப வழக்கம். அது முடியாது என்றான பிறகு, அம்மாவாவது கும்பகோணத்திலிருந்து வந்துவிடுவார் என்று நம்பியிருந்தேன். மாவட்டம் கடக்க இ-பாஸ் வேண்டியிருந்தது; இருமுறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை.

நான் சேர்ந்த தனியார் மருத்துவமனையில், தொற்றுப் பரிசோதனை முடிவு வந்த பின்பே வார்டுக்குள் விட்டார்கள். உடன் ஒருவர் மட்டும் தங்கலாம், ஆள் மாறக் கூடாது, பிரசவ அறைக்குள் அவரும் வரக் கூடாது என்பவை விதிகள். இடுப்புவலி தொடங்கிய இரவு பத்து மணி முதல் மறுநாள் காலை ஏழு மணிவரை, என் கணவர் தரைத்தளத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்க, கவச உடையும் முகக்கவசமும் முகத்தடுப்பும் அணிந்த செவிலியர்களில் யார் வந்தார், யார் போனார் என்று தெரியாமல் நான் படுத்திருந்தேன். வலியில் துடிக்கும்போது எதிரே ஒரு முகம் தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய பயம் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஒரு செவிலியர் மட்டும் தம் உடையின் மார்புப் பகுதியில் பெயரை மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தார். ஒவ்வொரு வலிக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவரும் வந்து முதுகை அழுத்திவிட்டார். அவருக்கு நான் என்றும் கடன்பட்டவள்.

தொற்றுக் காலத்தில் கட்டுப்பாடு தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. குழந்தையைப் பார்க்க வரும் உறவினர் கூட்டத்தைத் தடுத்தது சரியே. ஆனால் பிரசவத் துணையையும் பார்வையாளர் கணக்கில் சேர்த்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். கர்ப்பிணிக்குத் தொற்று இருந்தாலும்கூட, அவர் விரும்பும் ஒருவர் பிரசவத்தின்போது உடனிருக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்க மத்திய அரசு 2016-இலேயே அறிவுறுத்தியிருந்தது. இவை எனக்குப் பின்னர்தான் தெரியவந்தன. முன்பே தெரிந்திருந்தால், என்னோடு பரிசோதனை செய்துகொண்டு கவச உடையும் அணியத் தயாராக இருந்த என் கணவரை ஏன் உள்ளே விடக் கூடாது என்று சேரும் முன்பே மருத்துவரிடம் கேட்டிருப்பேன். இனி இப்படி ஒரு நிலை வந்தால், நீங்கள் ஏழாம் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். வலி எடுத்த பிறகு வாதாட யாருக்கும் தெம்பு இருக்காது.

வீடு திரும்பிய பின் பத்தியச் சாப்பாட்டை அம்மா தொலைபேசியில் சொல்லச் சொல்லக் கணவர் சமைத்தார். ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த அனைவருக்கும் இ-பாஸ் கிடைத்தது. அம்மா வந்து சேர்ந்தபோது மகளுக்கு ஐம்பது நாள் கடந்திருந்தது. குளித்துவிட்டு வந்து அவளை மடியில் வாங்கியவர், அன்று மாலைவரை கீழே விடவில்லை.