வாத்தியாரைக் கேளுங்கள்: பால் டின் ஏன் முந்தியது?

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுச் சரிவு இருக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் அங்கே டின் உருட்டிப் பந்தயம் விட்டார்கள். என் மகன் உருட்டியது காலி மைலோ டின். பக்கத்து வீட்டுப் பையன் உருட்டியது உடைக்காத கெட்டிப்பால் டின். எத்தனை முறை விட்டாலும் பால் டின்தான் முந்தியது. "கனமானதுதான் வேகமாகப் போகும்" என்கிறான் அந்தப் பையன். கனத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஆசிரியர் சொன்னாரே என்று என் மகன் அழாத குறையாக நிற்கிறான். யார் சொல்வது சரி?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, ஆசிரியர் சொன்னது சரி. பால் டின் முந்தியதும் சரி. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்பதை மகனோடு உட்கார்ந்து படியுங்கள்.

நான் லயத்து வீட்டில் வளர்ந்தவன். எங்கள் லயத்திலிருந்து ரப்பர்ப் பால் ஸ்டோருக்கு இறங்கும் பாதையில் நான் பழைய சைக்கிள் டயரை விடுவேன், என் கூட்டாளி கோலிக்குண்டை விடுவான். குண்டுதான் ஜெயிக்கும். டயரைக் காற்று தடுக்கிறது என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறாம் படிவத்தில்தான் உண்மைக் காரணம் தெரிந்தது. அன்று அடைந்த மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை.

கனமான பொருளைப் பூமி அதிகமாக இழுக்கிறது. ஆனால் கனமான பொருளை நகர்த்துவதும் அதே அளவுக்குக் கடினம். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடுகிறது. அதனால் கனம் கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது. உருளும் பொருளுக்கு ஆரமும் அப்படியே: சிறிய கோலியும் பெரிய இரும்புக் குண்டும் ஒரே நேரத்தில்தான் அடியைத் தொடும்.

பிறகு எது வேறுபடுத்துகிறது? சுழற்சி. உயரத்திலிருந்து இறங்கும் பொருளுக்குக் கிடைக்கும் ஆற்றலைக் கைக்கு வந்த சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உராய்வே இல்லாமல் வழுக்கும் பொருள் அது முழுவதையும் முன்னோக்கிய ஓட்டத்துக்கே செலவிடுகிறது. உருளும் பொருள் தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளவும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். எடை எவ்வளவுக்கு விளிம்பில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்தப் பங்கு பெரிது. மெல்லிய வளையம் பாதியைச் சுழற்சிக்குக் கொடுத்துவிடுகிறது. திண்மையான உருளை மூன்றில் ஒரு பங்கும், திண்மையான குண்டு ஏழில் இரண்டு பங்கும் கொடுக்கின்றன. என் டயர் தோற்றது இதனால்தான்.

உங்கள் கடிதம் வந்த அன்று மாலையே பழைய அலமாரிப் பலகை ஒன்றைப் பின்கட்டில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். நீளம் 2 மீட்டர். ஒரு முனையை மூன்று செங்கல் வைத்து 20 சென்டிமீட்டர் தூக்கினேன். இந்தச் சரிவில் உராய்வின்றி வழுக்கும் பொருளுக்குக் கணக்குப்படி 2.0 வினாடி போதும். கோலிக்கு 2.4, திண்மையான உருளைக்கு 2.5, வளையலுக்கு 2.9 வினாடி. கோலிக்கும் வளையலுக்கும் அரை வினாடி வித்தியாசம். கடிகாரமே வேண்டாம், கண்ணுக்கே தெரியும்.

இனி உங்கள் டின்கள். காலி மைலோ டின்னின் தகடு பெரும்பாலும் விளிம்பில்தான் இருக்கிறது. ஆகவே அது ஏறக்குறைய வளையம். கெட்டிப்பாலோ பிசுபிசுப்பானது. டின் சுழன்றால் உள்ளே இருக்கும் பாலும் விரைவிலேயே சேர்ந்து சுழலத் தொடங்கிவிடும். அது திண்மையான உருளை போலவே நடந்துகொள்கிறது. உருளை வளையத்தை முந்தும். ஜெயித்தது கனமல்ல, கனம் இருந்த இடம்.

மகனுக்கு ஒரு வழி சொல்கிறேன். அடுத்த பந்தயத்தில் உடைக்காத 100பிளஸ் டின்னை விடச் சொல்லுங்கள். அது பால் டின்னையும் முந்தும். உள்ளே இருக்கும் நீருக்குப் பிசுபிசுப்பு மிகக் குறைவு. தகடு மட்டும் சுழல, நீர் பெரும்பாலும் சுழலாமலே இறங்கிவிடுகிறது. வழுக்கி வருவதற்கு மிக நெருக்கமான ஓட்டம் அது. இத்தனைக்கும் பால் டின்னைவிட அது லேசானது! கனம்தான் காரணம் என்ற பேச்சு அதோடு முடிந்துவிடும். இன்னும் நம்பாவிட்டால், ஒரே மாதிரி உருண்டையான இரண்டு பாட்டில்களில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றை மட்டும் உறைய வையுங்கள். முழுக்க நிரப்பாதீர்கள், பனிக்கட்டி விரியும். எடை ஒன்று, வடிவம் ஒன்று. ஆனாலும் உறைந்தது பின்தங்கும்.

கலிலியோவும் இதே விளையாட்டைத்தான் விளையாடினார். நேராக விழும் பொருளின் வேகத்தை அளக்க அவர் காலத்தில் கருவி இல்லை. அதனால் 12 முழ மரக்கட்டையில் நீளவாக்கில் பள்ளம் வெட்டி, அதில் வெண்கலக் குண்டை உருட்டினார். ஒழுகிச் சேர்ந்த தண்ணீரை எடைபோட்டு நேரத்தைக் கணக்கிட்டார். நூறு முறை செய்து பார்த்ததாக 1638-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். முதல் வினாடியில் ஓரடி போனால், அடுத்த வினாடியில் மூன்றடி, அதற்கடுத்ததில் ஐந்தடி. சுழற்சிக்குப் போகும் பங்கு அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பங்கு வழி நெடுக ஒரே விகிதத்தில் இருப்பதால் அவருடைய விதி தவறாகவில்லை. உங்கள் மகன் தோற்றதாக நினைக்க வேண்டாம். நல்ல கேள்வி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறான்.

கேள்வி: மழைக்குப் பிறகு செம்பனைக் காட்டுச் சரிவில் மோட்டார் சைக்கிளில் இறங்கும்போது பின் பிரேக்கை அழுத்தி மிதித்தால் வண்டியின் வால் பக்கவாட்டில் போகிறது. ஏன்?
– வாசகர், பீடோர்

பதில்: தம்பி, இதைக் கவனமாகப் படியுங்கள். உருளும் சக்கரத்தின் அடிப்பகுதி தரையைத் தொடும் கணத்தில் தரையைப் பொறுத்தவரை அசையாமல் நிற்கிறது. அந்தப் பிடி வலுவானது. சக்கரத்தை இறுக்கி நிறுத்தினால் அது உருளுவதை விட்டு வழுக்கத் தொடங்கும். வழுக்கும்போது பிடி பொதுவாகக் குறையும். அதைவிட ஆபத்து, பக்கவாட்டுப் பிடியும் அதோடு போய்விடும். சக்கரம் எந்தப் பக்கமும் நழுவும், அதனால்தான் வால் சுற்றுகிறது. ஏபிஎஸ் பொருத்திய வண்டி சக்கரம் நிற்கப்போகும் தறுவாயில் பிரேக்கைத் தானாகவே விட்டுவிட்டுப் பிடிக்கிறது. அது இல்லாத வண்டியில் சரிவுக்கு முன்பே கியரைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் மெல்லப் பிடித்து, சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும்படி இறங்குங்கள். வால் நழுவத் தொடங்கினால் காலைப் பிரேக்கிலிருந்து மெதுவாகத் தளர்த்துங்கள்.