புகை வந்தால் காற்றைத் திறந்துவிட்டால் போதுமா?

மட்டக்குளியில் சலவையகம் நடத்துகிறீர்கள். மணிக்கு 300 கிலோ நீராவி தரும் பழைய பொயிலருக்குப் புதிய டீசல் பேர்னர் வாங்கியிருக்கிறீர்கள். பொருத்த வருகிறவர், “புகை வந்தால் காற்றைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள், அவ்வளவுதான்” என்கிறார். அவ்வளவுதானா என்பது உங்கள் கேள்வி.

இல்லை. பேர்னருக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் காற்றுத் தகடு கடைசியாகத் தொட வேண்டியது. கொழும்பில் இந்த வேலை செய்யும் பல பாஸ்மார் முதலில் கைவைப்பது அதில்தான். நானும் அப்படிக் கைவைத்துக் கெட்டவன்.

தனியாக எடுத்த முதல் வேலை. கிராண்ட்பாஸ் பக்கம், உங்களுடையதைப் போலவே ஒரு சலவையகம், அதே அளவுப் பொயிலர். 7 பார் அழுத்தத்தில் 300 கிலோ நீராவிக்கு ஏறத்தாழ 220 கிலோவாட் வெப்பம் தேவை. பொயிலரின் திறன் 85 சதவீதம் என்று வைத்தால் மணிக்குச் சுமார் 26 லீற்றர் டீசல் எரிய வேண்டும். இதுவரை சரியாகத்தான் போட்டேன். டீசலை உலைக்குள் தெளிக்கும் சிறு துளை முனைதான் நொசில்; அதில் மணிக்கு இத்தனை கலன் என்று பொறித்திருக்கும். 26ஐ 3.785ஆல் வகுத்தேன், 6.9 வந்தது, 7 கலன் நொசிலைப் போட்டுவிட்டேன்.

நொசிலில் உள்ள அந்த எண் எண்ணெய் 7 பார் அழுத்தத்தில் வருவதற்கு உரியது. என் எண்ணெய்ப் பம்ப் ஓடியது 12 பாரில். அழுத்த விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப எண்ணெய் கூடும், அதாவது 1.31 மடங்கு. 26 லீற்றர் போக வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 35 லீற்றர் போனது. போட்டிருக்க வேண்டியது ஐந்தேகால் கலன் நொசில். இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன்: அது அமெரிக்கக் கலன். நம் பெரியவர்கள் மனதில் இருக்கும் பழைய கலன் 4.546 லீற்றர். அதை வைத்துக் கணக்குப் போட்டால் நொசில் சிறுத்து, பிற்பகலில் இஸ்திரி இயந்திரத்துக்கு நீராவி போதாமல் போகும்.

பெரிய நொசிலின் சுவாலை பின்சுவரில் போய் மோதியது. புகை கறுத்தது. நான் காற்றைத் திறந்தேன், புகை குறைந்தது, மேலும் திறந்தேன், நின்றது. வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் மொட்டைமாடியில் காய்ந்த ஹோட்டல் விரிப்புகள் எல்லாம் கரும்புள்ளி. ஒவ்வொரு முறை பற்றும்போதும் கரி துப்பியிருக்கிறது. முதலாளி கோபப்படவில்லை. “தம்பி, இதைத் திரும்ப வெளுக்கிற செலவு யாருடையது?” என்று மட்டும் கேட்டார். சம்பளத்தில் பாதி அதற்குப் போனது.

துறைமுகத்தில் கப்பல் பொயிலர்களோடு கிடந்து ஓய்வுபெற்ற ஒருவரை அழைத்துவந்தேன். அவர் காற்றுத் தகட்டின் பக்கமே போகவில்லை. பம்பில் அழுத்தமானியை மாட்டினார், புகைபோக்கியில் வாயு அளவியைச் செருகினார். காபனீரொட்சைட்டு 8 சதவீதம், வெப்பநிலை 320 பாகை. காபனீரொட்சைட்டு இவ்வளவு குறைந்தால் காற்று மிகை என்று பொருள். நூறு ரூபாய் டீசலில் இருபது ரூபாய் வானத்துக்குப் போகிறது என்றார். நொசிலை மாற்றி, குழாய்களில் படிந்த கரியைத் துடைத்து, காற்றைக் குறைத்தபின் 12.5 சதவீதம், 220 பாகை. இழப்பு ஒன்பது ரூபாயாக இறங்கியது. கண்ணுக்குப் புகை இரண்டு நிலையிலும் தெரியவில்லை. காற்று அளவுக்கு மீறும்போது அது வெப்பத்தைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. புகையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆகவே உங்கள் வேலையில் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பேர்னரின் குழல் வாய் உலைக்குள் போதுமான அளவு நீண்டிருக்கிறதா, விளிம்பில் காற்றுக் கசியாமல் வெப்பம் தாங்கும் கயிறு வைத்து இறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். புகைபோக்கியின் இழுவையை அளக்கச் சொல்லுங்கள். பிறகு எண்ணெய்க் குழாய். திரும்பிப் போகும் குழாய் உண்டா, ஒற்றைக் குழாயா என்பது முக்கியம்: பல பம்புகளுக்குள் ஒரு சிறு திருகு இருக்கும், இரட்டைக் குழாய்க்கு அது வேண்டும், ஒற்றைக் குழாய்க்கு அதைக் கழற்ற வேண்டும். கழற்ற மறந்தால் பம்பின் சீல் போய்விடும். திரும்பும் குழாயில் வால்வு வைக்கவே வேண்டாம். யாராவது ஒருநாள் அதை மூடுவார்கள், அப்போதும் சீல் போகும். தாங்கியின் அடியில் தேங்கும் நீரை வடிக்க ஒரு வழி இருக்கட்டும். கடற்கரை ஈரத்தில் அது நிச்சயம் தேங்கும்.

அதன்பின் நொசில், தீப்பொறி தரும் மின்வாய்களின் இடைவெளி (3 முதல் 4 மில்லிமீற்றர், உங்கள் பேர்னரின் கையேட்டில் உள்ளதே இறுதி), பம்ப் அழுத்தம். கடைசியில்தான் காற்று. அதுவும் பொயிலர் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு. புகைவாயுவில் ஒட்சிசன் 4 சதவீதம் அளவில், புகை எண் (வடிதாளில் படியும் கறுப்பின் அளவு) 0 அல்லது 1, காபனோரொட்சைட்டு பத்து இலட்சத்தில் 100 பங்குக்குக் கீழே என்று நின்றால் கையை எடுத்துவிடலாம்.

காலை ஏழு மணிக்குச் சரிசெய்துவிட்டுப் போகிறவரை நம்ப வேண்டாம். அப்போது பொயிலர் அறை 27 பாகை. மதியம் 40 ஆகும். சூடான காற்று ஐதானது, அதே தகட்டுத் திறப்பில், காலையில் போன ஒட்சிசனில் நூற்றுக்கு நான்கு பங்கு குறைவாகவே உள்ளே போகும். காலையில் மட்டுமட்டாக வைத்த காற்று மதியம் போதாமல் புகைக்கும். நுவரெலியாவில் இது இன்னும் மோசம்: 1,800 மீற்றருக்கு மேல் காற்றே மெலிந்திருப்பதால், இங்கே சரிசெய்து அனுப்பிய பேர்னர் அங்கே கறுக்கப் புகைக்கும்.

பேர்னர் பற்றாமல் நின்றுவிட்டால் மீண்டும் பற்றவைக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டீசல் உலைக்குள் தெளிக்கிறது. தேங்கியது ஒருமிக்கப் பற்றினால் கதவு பறக்கும். இரண்டு முறை, அதற்குமேல் வேண்டாம். உள்ளே எட்டிப் பார்த்து, காற்றடித்து, சுவாலையை உணரும் ஒளிக்கண்ணைத் துடைத்து, காரணம் தேடுங்கள். நீர்மட்டம் இறங்கினால் பேர்னர் தானாக நிற்கிறதா என்பதையும் உங்கள் கண்முன்னே செய்துகாட்டச் சொல்லுங்கள். இதில் மட்டும் வாய்வார்த்தை போதாது.

நொசிலைப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கலாம், ஆனால் துடைத்து மினுக்கிய பழையதை வாங்காதீர்கள். துளையில் கம்பி விட்டுச் சுத்தம் செய்த நொசில் நேராகத் தெளிக்காது.

பொருத்த வருகிறவரை இன்றே தொலைபேசியில் அழைத்து, வாயு அளவியும் அழுத்தமானியும் கொண்டுவருவாரா என்று கேளுங்கள். “சுவாலையின் நிறத்தைப் பார்த்தே சொல்வேன்” என்றால் வேறொருவரைத் தேடுங்கள்.