காபி கேள்வி-பதில்: அரக்கு காபிக்கு ஏன் இவ்வளவு விலை?

கேள்வி (திருச்சி வாசகர்): பரிசாக ஒரு அரக்கு காபிப் பொட்டலம் வந்தது. நாங்கள் வாங்கும் தூளைவிட விலை பல மடங்கு. கூட்டுறவு சங்கம் விளைவித்தது என்று போட்டிருக்கிறார்கள். யார் விளைவித்தால் என்ன, ருசிக்கும் கூட்டுறவுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம் இருக்கிறது, அது பழம் பறிக்கிற இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. காபிச் செடியில் ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எல்லாக் காயும் கலந்துதான் இருக்கும். பச்சையைச் சேர்த்துப் பறித்தால் துவர்க்கும், பழுத்து உலர்ந்ததைச் சேர்த்தால் புளித்த வாடை வரும். அதனால் நல்ல காபி வேண்டுமென்றால் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை போய், சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டும். பச்சைக்கும் சிவப்புக்கும் வியாபாரி ஒரே விலை கொடுத்தால் யார் நான்கு முறை போவார்கள்?

அரக்கு, ஆந்திராவில் கிழக்குத் தொடர்ச்சி மலையில், கிட்டத்தட்ட 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காபி போட்டிருப்பவர்கள் பெரும்பாலும் ஆதிவாசிக் குடும்பங்கள், ஆளுக்கு ஓரிரு ஏக்கர், நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி. பறித்த பழத்தை அன்றைக்கே தோல் நீக்கி, கொட்டையில் ஒட்டியிருக்கும் வழவழப்பு போகும்வரை நொதிக்கவைத்து, கழுவி, ஈரப்பதம் 11 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை உலர்த்த வேண்டும். தோல் நீக்கும் பல்ப்பர் இயந்திரம், தொட்டி, நிறைய நல்ல தண்ணீர், நாள் முழுக்கப் புரட்டிக்கொண்டிருக்க ஆள், இவ்வளவையும் ஒரு கூடை பழம் வைத்திருக்கிற வீடு தனியாக வைத்துக்கொள்ள முடியாது. அப்படியே முற்றத்தில் பழமாகக் காயப்போட்டு, முன்பணம் கொடுத்த வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிடுவதுதான் வழி.

2007-இல் பதிவான சிறு, குறு பழங்குடி விவசாயிகளின் கூட்டுறவு சங்கம் இந்த இடத்தில்தான் வேலை செய்தது. பக்கத்தில் துணையாக நின்றது நாந்தி அறக்கட்டளை. சிவந்த பழத்துக்குத் தனியாக நல்ல விலை, எல்லார் பழத்துக்கும் பொதுவாக ஒரு பதப்படுத்தும் கூடம், ருசி பார்த்துத் தரம் பிரிக்க ஆட்கள். பாரிஸில் 2017-இல் அரக்கு பெயரிலேயே கடை திறந்தார்கள், 2019-இல் அங்கே விளையும் அராபிகா என்ற காபி வகைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. என்னைக் கேட்டால் இதில் பெரிய விஷயம் பாரிஸ் கடை இல்லை. காபியின் மதிப்பு ஏறுவது பழத்திலிருந்து கொட்டை ஆகிற கட்டத்தில், அந்தக் கட்டம் இப்போது விளைவித்தவர்கள் கையில் இருக்கிறது. அதுதான் பெரிது.

விலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கிலோ வறுக்காத கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும், வறுக்கும்போது எடை இன்னும் குறையும்.

கேள்வி (கோவை வாசகி): 'ஸ்பெஷாலிட்டி காபி' என்று எல்லாப் பொட்டலத்திலும் போடுகிறார்களே, எதை நம்புவது?

பயிற்சி பெற்றவர்கள் ருசி பார்த்து 100-க்கு 80 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் போட்டால் ஸ்பெஷாலிட்டி, இதுதான் வழக்கமான கணக்கு. பொட்டலத்தில் எந்தத் தோட்டம் அல்லது சங்கம், என்ன முறையில் பதப்படுத்தியது, எந்தத் தேதியில் வறுத்தது, மூன்றும் இருக்கிறதா பாருங்கள். வறுத்த தேதியே இல்லையென்றால் நான் வாங்க மாட்டேன்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): இதில் ஃபில்டர் காபி போட்டால் நன்றாக இருக்குமா?

இருக்கும், ஆனால் இளவறுவலாக வாங்காதீர்கள், பாலில் புளிப்பு தூக்கலாகத் தெரியும். நடுத்தர வறுவல், கொஞ்சம் நைசாக அரைத்தது, சிக்கரி இல்லாமல். கடைக் கலவையில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது, அதில் பழகிய நாக்குக்கு டிகாஷன் முதலில் தண்ணியாகத்தான் படும். தூளைக் கூட்டிப்போட்டு ஒரு வாரம் குடித்துப் பாருங்கள்.

கேள்வி (தாண்டிக்குடி பக்கத்திலிருந்து ஒரு விவசாயி): எனக்கு இரண்டு ஏக்கர் அராபிகா இருக்கிறது. நாங்களும் இப்படிச் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் சங்கம் பதிவு செய்வதிலிருந்து தொடங்காதீர்கள். அக்கம்பக்கத்தில் பத்து வீடு சேர்ந்து, இந்தப் பறிப்பில் சிவந்த பழத்தை மட்டும் தனியாக எடுத்து, தண்ணீரில் போட்டு மிதக்கிறதைக் கழித்துவிட்டு, ஒரு சின்ன கை பல்ப்பரைப் பொதுவில் வாங்கி ஒரு மூட்டை மட்டும் செய்து பாருங்கள். தரையில் வேண்டாம், வலைக் கட்டில் மேல் உலர்த்துங்கள். உங்கள் ஊரிலேயே காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டிப் பேசுங்கள்.

அப்புறம் பணம். பெரும்பாலான சங்கங்கள் உடைவது இங்கேதான். பழம் கொடுத்தவருக்கு அன்றைக்கே கூலிக்குக் காசு வேண்டும், கொட்டை விற்றுப் பணம் வர மாதக்கணக்கில் ஆகும். நடுவில் கொடுக்கச் சங்கத்திடம் கையிருப்பு இல்லையென்றால், நல்ல மனசு இருந்தும் உறுப்பினர்கள் பழைய வியாபாரியிடமே போவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் இயந்திரத்துக்கு மானியம் கேட்கும் முன், ஒரு பருவத்துப் பழத்துக்கு ரொக்கம் எங்கிருந்து வரும் என்று பத்துப் பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுங்கள்.