முதலில் ஸ்டேஸ், பிறகுதான் கவுன்

கேள்வி: பன்னிரண்டு வருடமாக பிளவுஸ் தைக்கிறேன். இங்கிலாந்தில் இருக்கும் என் நாத்தனார் மகள், பழங்கால உடை அணியும் விழாவுக்காக 1780களின் ஆங்கிலேயக் கவுன் கேட்டாள். அவள் அனுப்பிய அளவுக்கு, உடம்பின் வளைவுக்காக டார்ட் மடிப்பு எல்லாம் பிடித்துத் தைத்து அனுப்பினேன். மார்புக்குக் கீழே குறுக்கே சுருக்கம் விழுகிறதாம். கையைத் தூக்கினால் கவுனின் மேல்பகுதியான பாடியே மேலே ஏறுகிறதாம். எங்கே தப்பு? இதையே தொழிலாகவும் செய்யலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முதல் தப்பு டார்ட். அந்தக் காலக் கவுனின் பாடியில் டார்ட் கிடையாது. உள்ளே அணியும் ஸ்டேஸ், அதாவது எலும்பு வைத்துத் தைத்த கச்சு, உடம்பைக் கூம்பாக நிறுத்திவிடும். கவுன் அதன்மேல் தட்டையாகப் படியும். வெறும் உடம்பின் அளவுக்கு வெட்டியதால்தான் மார்புக்குக் கீழே துணி மிஞ்சிச் சுருங்குகிறது. உடம்பை ஒட்டி அணியும் தளர்வான லினன் உள்ளுடையான ஷிஃப்ட், அதன்மேல் ஸ்டேஸ், இடுப்பில் பெட்டிகோட், இவ்வளவையும் போட்ட பிறகே கவுனுக்கு அளவெடுக்க வேண்டும்.

ஸ்டேஸுக்கு நெருக்கமாக நெய்த கெட்டி லினன் இரண்டு அடுக்கு தேவை. இரண்டையும் சேர்த்து வரிவரியாகக் குழல் தைத்து எலும்பு நுழைப்பார்கள். எலும்பு என்று சொன்னாலும் அன்று அது பலீன், அதாவது திமிங்கலத்தின் வாயில் இருக்கும் வளையக்கூடிய தகடு; இன்று 5 மி.மீ. அகலமுள்ள செயற்கை பலீன் பட்டை போதும். பலர் சறுக்குவது இங்கேதான். பட்டை நுழைந்ததும் குழல் உப்பி, துணியின் அகலம் குறையும். குழலுக்கு அரை மி.மீ. போனாலும் 80 குழலில் 4 செ.மீ. போய்விடும். அதனால் துண்டுத் துணியில் 10 குழல் தைத்து, பட்டை நுழைப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து, அந்த வித்தியாசத்தை வெட்டும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். இடுப்பைச் சுற்றி இழுவை விழும் இடத்தில் துணி கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக வரக் கூடாது. போடப் போடத் தளர்ந்துவிடும். கயிறு கட்டும்போது முதுகில் 5 செ.மீ. இடைவெளி இருக்கட்டும்.

கயிற்றுத் துளைக்கு உலோக வளையம் அடிக்காதீர்கள், அது 1820களுக்குப் பிறகு வந்தது. குத்தூசியால் இழைகளை விலக்கித் துளையிட்டு, மெழுகு தடவிய லினன் நூலால் சுற்றித் தையுங்கள். இழையை வெட்டினால் துளை கிழியும். ஒரே கயிறு சுற்றிச் சுற்றி ஏறும் கட்டு என்பதால் இரு பக்கத் துளைகளும் நேருக்கு நேர் வரக் கூடாது, அரை இடைவெளி தள்ளி வர வேண்டும். நேராக வைத்தால் ஒரு பக்கம் மேலேறிக் கோணும்.

பாடி ஏறுவதற்குக் காரணம் ஆம்ஹோல், அதாவது கை பொருத்தும் துளை. வசதிக்காக அதை இறக்கியிருப்பீர்கள். அக்குளை ஒட்டிச் சிறியதாக வெட்டுங்கள். கையின் அடிப்பாதியை முதலில் தைத்து, மேல்பாதியைத் தோள் லைனிங்மேல் மடிப்பு வைத்துப் பிடித்து, தோள்பட்டியால் மூட வேண்டும். முன்பக்கத்தைக் குண்டூசியால் மூடுவதே அப்போது வழக்கம்.

துணி விஷயத்தில் நமக்கு ஒரு பெருமை உண்டு. ஐரோப்பா ஆசைப்பட்ட சின்ட்ஸ் என்ற பூவேலைப் பருத்தித் துணி சோழமண்டலக் கரையில் சாயவேர்ச் சிவப்பில் எழுதப்பட்டதுதான். உள்ளூர் நெசவைக் காக்க, 1721இல் அச்சிட்ட பருத்தி உடுத்துவதையே இங்கிலாந்து தடுத்தது; தன் நாட்டில் நெய்த பருத்திக்கு மட்டும் 1774இல் வழிவிட்டது. கலம்காரி எடுத்தால் வெள்ளைத் தரையில் கொடியும் பூவும் படர்ந்ததாகப் பாருங்கள். 44 அங்குல அகலத்தில் கவுனுக்கு 5 மீட்டர், பெட்டிகோட்டுக்கு 3 மீட்டர் வேண்டும். நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள்.

தொழிலாகச் செய்யலாம், ஆனால் பிளவுஸ் கணக்கில் கூலி சொன்னால் நஷ்டம்தான். தையல் மெஷின் புழக்கத்துக்கு வந்தது 1850களில். அதற்கு முந்தைய உடையில் வெளியே தெரியும் தையல் எல்லாம் கைத்தையலாக இருக்க வேண்டும். முழுக்கக் கையால் தைத்தது, குழலை மட்டும் மெஷினில் ஓட்டியது என்று இரண்டு விலை வையுங்கள். எது எதில் தைத்தது என்பதை ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். இந்த முதல் உடைக்கு வெட்டு, குழல், துளை, கை என ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தை நோட்டில் குறியுங்கள். அடுத்த ஆர்டருக்கு விலை சொல்ல அந்த நோட்டுதான் ஆதாரம். துணி, பட்டைக்கான பணத்தை முழுதும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

நாத்தனார் மகளுக்கு இப்போது கவுனைப் பிரிக்க வேண்டாம். காடாத் துணியில் ஸ்டேஸ் மாதிரி தைத்து, பட்டையோடும் கயிற்றோடும் அனுப்புங்கள். அதைக் கட்டிக்கொண்டு முன், பக்கம், பின் என மூன்று படமும், அதன்மேல் எடுத்த அளவும் அனுப்பச் சொல்லுங்கள்.