கண்ணாடிக்குள் நீரும் நிலமும்

கேள்வி: மீன் தொட்டி, டெர்ரேரியம், பலுடேரியம் ஆகியவற்றுக்கு இடையே என்ன வேறுபாடு? வீட்டில் காலியாகக் கிடக்கும் பழைய மீன் தொட்டியில் செடி வளர்க்கலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: மீன் தொட்டி முழுவதும் நீர், டெர்ரேரியத்தில் மண்ணும் செடியும், பாதி நீரும் பாதி நிலமுமாக அமைவது பலுடேரியம். டெர்ரேரியத்தின் கதை தற்செயலாகத் தொடங்கியது. 1829-இல் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவைக் கவனிப்பதற்காக மூடி வைத்திருந்த குடுவையின் ஈரமண்ணில், நகரத்துப் புகையால் தம் தோட்டத்தில் பிழைக்காத பெரணி தானாகவே முளைத்திருப்பதைக் கண்டார். மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் எழும் ஆவி கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணில் இறங்குவதால், மூடிய குடுவைக்கு அடிக்கடி நீர் ஊற்றத் தேவையில்லை. மீன் தொட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி விடுபவர்கள் பெரும்பாலும் மீனை இழக்கிறார்கள்.

உங்கள் பழைய தொட்டியில் தாராளமாகச் செடி வளர்க்கலாம். சிறு கசிவு இருந்தாலும் பாதகமில்லை. அடியில் கூழாங்கல் பரப்பி, மேலே மண்ணிட்டு, பெரணியும் பாசியும் வையுங்கள். நேரடி வெயில் மட்டும் கூடாது. மூடிய கண்ணாடிக்குள் செடிகள் வெந்துவிடும். கள்ளி வளர்க்க விரும்பினால் தொட்டியை மூடாதீர்கள்.