பச்சை மங்கலாக இருந்தால் பயமில்லையா?

*தேக்காவில் மலிவாக வாங்கிய பச்சை லேசர். வெளிச்சம் ரொம்பக் குறைவு. பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்கலாமா? (ஈசூன் வாசகி)*

தயவுசெய்து கொடுக்காதீர்கள் அம்மா. இந்த வகை லேசர் பலவற்றில் பச்சை ஒளி நேராகப் பிறப்பதில்லை. உள்ளே ஒரு டையோடு, அதாவது ஒளி தரும் சின்னச் சில்லு, 808 நானோமீட்டர் அலைநீளத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தரும். ஒரு படிகம் அதை 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஆக்கும், அடுத்த படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்கி 532-இல் பச்சையாக வெளியே விடும். மாறாமல் மிஞ்சுகிற அகச்சிவப்பைத் தடுக்க ஒரு சின்ன ஃபில்டர் வேண்டும். காசு மிச்சம் பிடிப்பவர்கள் கைவைப்பது அதில்தான். படிகங்கள் சரியாகப் பொருந்தவில்லை என்றால் பச்சை மங்கும், அகச்சிவப்பு மட்டும் கொட்டும். 2010-இல் அமெரிக்கத் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் சோதித்த 15 டாலர் லேசர் ஒன்றில் பச்சை ஒளி மங்கல். அகச்சிவப்போ ஏறக்குறைய 20 மில்லிவாட்!

கண் கூசினால் கால் விநாடியில் இமை மூடிவிடும். தெரியாத ஒளிக்குக் கண் கூசாது. விழித்திரை வெந்தாலும் வலிக்காது. எனக்குக் கவலையே இதுதான்.

*வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?*

உண்டு. டிவி ரிமோட்டின் முனையைக் கைத்தொலைபேசி கேமராவில் பாருங்கள். பொத்தானை அழுத்தும்போது மின்னினால் அந்தக் கேமராவுக்கு அகச்சிவப்பு தெரிகிறது. முன்பக்கக் கேமராவையும் முயன்று பார்க்கலாம். அப்புறம் லேசரை மேசையில் ஒட்டிவைத்து, பழைய சிடி மேல் சாய்வாக அடித்து, அலைநீளவாரியாகப் பிரிந்து சிதறும் புள்ளிகளை வெள்ளைத்தாளில் விழச் செய்து, அந்தத் தாளைக் கேமராவில் பாருங்கள். முகம் அந்தப் பாதையில் வரக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத புள்ளி கேமராவில் தெரிந்தால் அந்த லேசர் வேண்டாம். தெரியாவிட்டால் பாதுகாப்பானது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு பல கேமராக்களுக்கு எட்டாது.

*துணைப்பாட வகுப்பில் சிவப்பு பாயிண்டர் வைத்திருக்கிறேன்.*

650 நானோமீட்டர் சிவப்பு, டையோடிலிருந்து நேராக வருவது. அகச்சிவப்புத் தொல்லை இல்லை. 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட 2-ஆம் வகுப்பு லேசர்தானா என்று மட்டும் பாருங்கள்.

*532 என்று எழுதிய பாதுகாப்புக் கண்ணாடி போதுமா?*

போதாது. 808, 1064 இரண்டும் அதில் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி கூடவே கூடாது. கண்மணி விரிந்து இன்னும் அதிக ஒளியை உள்ளே விடும்.

*இணையத்தில் 200 மில்லிவாட் லேசர் வாங்கலாமா?*

அது 3பி வகுப்பு, நேராகப் பட்டால் கண்ணைக் கெடுக்கும் வகை. சிங்கப்பூரில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் இல்லாமல் வைத்திருக்கவே கூடாது.