ஆணையம் சொன்ன பிறகும் ஏன் சிறை இல்லை?

கேள்வி: தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் போலீஸ் தப்பு செய்தது என்று அருணா ஜெகதீசன் ஆணையமே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் ஏன் நேராகச் சிறைக்கு அனுப்பவில்லை? கமிஷன் என்றாலே கண்துடைப்பு என்று எங்கள் பக்கம் பலரும் கொதிக்கிறார்கள்.
– வாசகர், அரூர்

பதில்: கொதிப்பு நியாயமானது. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி நடந்த போராட்டத்தின்போது 13 பேர் 2018 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தப்பி ஓடியவர்களையும் சுட்டதாக அறிக்கை சொல்கிறது. 17 போலீசார் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் அது சட்டமன்றத்திலும் வைக்கப்பட்டது.

ஆனால் 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி பரிந்துரைப்பதோடு ஆணையத்தின் வேலை முடிந்தது. தண்டிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. ஆணையத்தின் முன் ஒருவர் கொடுத்த வாக்குமூலத்தை, பொய்ச்சாட்சி வழக்கு தவிர, வேறெந்த வழக்கிலும் அவருக்கு எதிராகக் காட்ட முடியாது. ‘நான்தான் சுட்டேன்’ என்று அங்கே ஒப்புக்கொண்டிருந்தாலும் கொலை வழக்குக்கு அது உதவாது. பிரேதப் பரிசோதனை அறிக்கை, எந்தத் துப்பாக்கி யார் கையில் இருந்தது என்ற பதிவேடு, வீடியோ, நேரில் பார்த்தவர்கள் என எல்லாவற்றையும் புலனாய்வு அமைப்பு தனியாகத் திரட்டி நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அரசு ஊழியர் மீது வழக்கு நடத்தப் பெரும்பாலும் அரசின் முன் அனுமதியும் வேண்டும். கோப்பு தூங்குவது அங்கேதான். கோபத்தை அங்கே திருப்புங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்து வாச்சாத்தியையே பாருங்கள். 1992 ஜூனில் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறையினர் அந்த மலைவாழ் மக்களைத் தாக்கி, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த கொடுமைக்கு 2011 செப்டம்பர் 29 அன்றுதான் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றானது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சிபிஐ திரட்டிய ஆதாரமும், கூண்டேறிக் குறுக்கு விசாரணையைத் தாங்கிய பெண்களின் சாட்சியமும்தான் அதைச் சாதித்தன.

கேள்வி: ‘ஆணையப் பரிந்துரை மீது ஏன் நடவடிக்கை இல்லை?’ என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் மனுவைத் தள்ளிவிடுகிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: ‘ஏன்’ என்று கேட்டாலே தள்ள வழி கிடைத்துவிடும். அந்தச் சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கத்தைத் தராது. ‘பரிந்துரை மீது பிறப்பித்த அரசாணைகள், துறை நடவடிக்கை உத்தரவுகள், கோப்புக் குறிப்புகள் ஆகியவற்றின் நகல் வேண்டும்’ என்று எழுதி, 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். ‘விசாரணை நிலுவையில் உள்ளது’ என்று மட்டும் சொல்லி மறுத்தால் விடாதீர்கள். நகலைத் தந்தால் விசாரணை எப்படித் தடைபடும் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும்.